தட்டில் இருப்பதே படத்தில்

கிள்ளானில் பழைய கடைவீடுகள் நிறைந்த ஒரு தெரு. அங்கே எட்டு மேசைகள் கொண்ட சிறிய உணவகம் ஒன்று. காலையில் தோசையும் இட்டிலியும், நண்பகலில் வாழையிலைச் சோறும், மாலையில் மீ கோரெங்கும் தே தாரிக்கும் அங்குக் கிடைக்கும். கடையை நடத்துபவர் ஒரு தாய். படிவம் நான்கில் பயிலும் அவருடைய மகள், பள்ளி விடுமுறையில் உதவிக்கு வருவாள். மாணவர்களே, இப்படி ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நம் நாட்டில் இத்தகைய கடை இல்லாத ஊர் அரிது. உங்களில் சிலருக்கு அது சொந்த வீட்டுக் கதையாகவும் இருக்கலாம்.

அந்தத் தாயின் மீன் தலைக் கறியைப் பல ஆண்டுகளாகத் தேடி வருபவர்கள் உண்டு. ஆனால், புதிதாக வருபவர்கள் அதைக் கேட்பதே இல்லை. காரணம், மேசையில் இருந்த உணவுப்பட்டியலில் வெறும் பெயர்களும் விலைகளும் மட்டுமே இருந்தன. பெயரைக் கேட்டிராதவர்கள் சற்றுத் தயங்கிவிட்டு, தெரிந்த தோசையையும் தேநீரையும் மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நல்ல உணவு இலைமறை காய் போல அடுக்களையிலேயே நின்றுவிட்டது. படம் போட்ட பட்டியல் ஒன்று தேவை என்று தாய் எண்ணினார். தொழில்முறைப் படப்பிடிப்பாளர் ஒருவரிடம் விசாரித்தபோது, அவர் கேட்ட தொகை கடையின் ஒரு மாத வாடகையை நெருங்கியது.

“அம்மா, என் கைப்பேசியிலேயே எடுத்துப் பார்க்கட்டுமா?” என்றாள் மகள்.

அவளால் முடியுமா? முடியும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டியதில்லை. இன்றைய கைப்பேசிகள் அச்சுக்குப் போதுமான தெளிவுள்ள படங்களை எடுக்க வல்லவை. அவற்றைக் கையாளும் முறையை அறிந்துகொண்டால் போதும். அம்முறையை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

படம் ஏன் தேவை?

மலேசியா பல மொழிகள் பேசப்படும் நாடு. ஒரே மேசையில் தமிழர், மலாய்க்காரர், சீனர், வெளிநாட்டுப் பயணி என நால்வர் அமரக்கூடும். ‘பிரட்டல்’ என்ற சொல் தமிழருக்கு உடனே விளங்கும். மற்றவருக்கு அதை விளக்க வேண்டும். கூட்டம் நிறைந்த நண்பகலில் ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கிக்கொண்டிருக்க நேரமிருக்காது. அந்த வேலையை ஒரு படம் செய்துவிடும். வாடிக்கையாளர் படத்தைச் சுட்டிக்காட்டி, “இது ஒன்று” என்றால் போதும்.

இந்த எண்ணம் புதியதன்று. உணவின் தோற்றத்தை முன்கூட்டியே காட்டும் வழக்கம் ஜப்பானில் பெரிதும் வளர்ந்தது. அங்குள்ள உணவகங்களின் முகப்பில், மெழுகால் செய்த உணவு மாதிரிகளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தார்கள். 1932ஆம் ஆண்டில் இவாசாக்கி தாக்கிசோ என்பவர் ஓசாக்கா நகரில் இத்தகைய மாதிரிகள் செய்வதையே ஒரு தொழிலாகத் தொடங்கினார். இன்று அவை நெகிழியால் செய்யப்படுகின்றன. “உள்ளே வந்தால் இதுதான் கிடைக்கும்” என்று வாடிக்கையாளருக்குச் சொல்வதே அவற்றின் நோக்கம். உணவுப்பட்டியலில் உள்ள படத்தின் நோக்கமும் அதுவே.

முதலில் திட்டம்

கைப்பேசியை எடுப்பதற்கு முன் தாளையும் பேனாவையும் எடுக்க வேண்டும். நம் கடையில் நாற்பது வகை உணவுகள் இருப்பதாகக் கொள்வோம். நாற்பதையும் படமெடுத்தால் செலவும் களைப்பும் மிகும். பட்டியலும் நெரிசலாகிவிடும். எனவே, பத்து அல்லது பன்னிரண்டு உணவுகளை மட்டும் தேர்ந்தெடுப்பது நன்று. எவற்றைத் தேர்ந்தெடுப்பது? கடைக்குப் பெயர் வாங்கித் தருபவை, பெயரை மட்டும் படித்தால் புரியாதவை, நல்ல சுவையிருந்தும் அதிகம் விற்காதவை ஆகிய மூன்று வகைக்கும் முன்னுரிமை தரலாம். வெறும் தோசைக்கும் கட்டங்காப்பிக்கும் படம் கட்டாயமில்லை. அவற்றை எல்லாரும் அறிவார்கள்.

அடுத்து, எடுக்கும் வரிசையை முடிவு செய்ய வேண்டும். உணவு காத்திருக்காது. அப்பளம் சிறிது நேரத்தில் நமர்த்துவிடும். தோசை துவண்டுவிடும். ஐஸ் கச்சாங் கண்ணெதிரே உருகிவிடும். இழுத்து ஆற்றிய தே தாரிக்கின் நுரை மெல்ல அடங்கிவிடும். ஆறினாலும் தோற்றம் மாறாத ஊறுகாய், பொரியல், பிரட்டல் போன்றவற்றை முதலில் எடுத்து, ஒளியும் கோணமும் சரியாக அமைந்திருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு விரைவில் மாறும் உணவுகளை ஒவ்வொன்றாக அடுக்களையிலிருந்து கேட்டு வாங்கி உடனுக்குடன் எடுக்கலாம்.

இங்கே ஒரு பயனுள்ள உத்தி உண்டு. உணவு வருவதற்கு முன்பே வெற்றுத் தட்டை மேசையில் வைத்து ஒளி, கோணம், பின்னணி மூன்றையும் சரிசெய்துவிட வேண்டும். உணவு வந்ததும் தட்டை மாற்றி வைத்துப் படமெடுத்தால் போதும். ஓரிரு நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். எடுத்து முடித்த உணவு வீணாகாது. அன்றைய குடும்பச் சாப்பாடாகவே அதை உண்டுவிடலாம்.

ஒளியே உயிர்

நல்ல உணவுப் படத்திற்கு விலையுயர்ந்த கருவியைவிட நல்ல ஒளியே முக்கியம். அந்த ஒளி நமக்கு இலவசமாகவே கிடைக்கிறது. அதுதான் பகலொளி.

ஆனால், நேரடி வெயிலில் உணவை வைக்கக் கூடாது. வெயில் பட்ட இடம் வெளுத்தும், நிழல் விழுந்த இடம் கருத்தும் காணப்படும். குழம்பின் எண்ணெய்ப் படலம் கண்ணாடி போல மின்னி, அதன் நிறத்தையே மறைத்துவிடும். நமக்குத் தேவை பரவிய ஒளி. சன்னல் வழியாகவோ மேகத்தினூடேயோ பரவி வரும் ஒளி மென்மையானது. ஒளி வரும் பரப்பு பெரிதாக இருந்தால் நிழல் மென்மையாக விழும். அதனால்தான் சிறிய மின்விளக்கைவிட அகன்ற சன்னல் சிறந்தது. சன்னலில் நேரடி வெயில் அடித்தால் மெல்லிய வெள்ளை வேட்டி ஒன்றை அதில் தொங்கவிடலாம். வெயில் அதில் பட்டுச் சிதறி மென்மையாகிவிடும்.

கடைவீடுகளில் இன்னொரு வசதியும் உண்டு. அதுதான் கடையின் முன்னால் உள்ள மூடிய நடைவழி. மலாயில் இதனைக் ‘காக்கி லீமா’ என்பர். ‘ஐந்தடி’ என்பது இதன் பொருள். 1822ஆம் ஆண்டில் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரத்திற்கு வகுத்த திட்டத்தில், கட்டடங்களின் முன்னால் தொடர்ச்சியான மூடிய நடைவழி இருக்க வேண்டுமென விதித்தார். பின்னர் அவ்வழக்கம் தீபகற்பத்தின் நகரங்களுக்கும் பரவியது. வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் நடப்பவரைக் காக்க எழுந்த அந்தக் கூரை, இன்று படமெடுப்பவருக்கும் உதவுகிறது. கூரை மேலிருந்து வரும் கடும் வெயிலைத் தடுத்துவிடுகிறது. தெருப்பக்கத்திலிருந்து மென்மையான ஒளி உள்ளே வருகிறது. நடப்பவருக்கு இடையூறு இல்லாமல், வாசலை ஒட்டிச் சிறிய மேசை ஒன்றைச் சற்று நேரம் போட்டுக்கொண்டால், அதுவே நம் படப்பிடிப்புக் கூடம்.

நேரமும் முக்கியம். நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ளது. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் கதிரவன் ஏறத்தாழப் பிற்பகல் 1.15 மணியளவில் உச்சிக்கு வருகிறது. அப்போது ஒளி செங்குத்தாகவும் கடுமையாகவும் இருக்கும். கடையிலும் அதுவே கூட்டம் மிகுந்த நேரம். காலை 9 மணி முதல் 11 மணி வரையிலும், மாலை 4 மணிக்குப் பிறகும் ஒளி சாய்ந்து வரும். கடையிலும் ஓய்வு கிடைக்கும்.

ஒளி எந்தத் திசையிலிருந்து வர வேண்டும்? படமெடுப்பவரின் முதுகுப்புறத்திலிருந்து ஒளி வந்தால் உணவு தட்டையாகத் தெரியும். அவருடைய நிழலும் தட்டில் விழும். உணவின் பக்கவாட்டிலிருந்தோ சற்றுப் பின்னாலிருந்தோ ஒளி வந்தால் மேடுபள்ளங்கள் தெளிவாகத் தெரியும். வடையின் மொறுமொறுப்பையும், குழம்பின் பளபளப்பையும், சோற்றிலிருந்து எழும் ஆவியையும் அந்த ஒளியே காட்டும். அப்போது ஒளிக்கு எதிர்ப்பக்கம் சற்று இருளும். அங்கே வெள்ளை மனிலா அட்டை ஒன்றை நிறுத்தி வையுங்கள். சன்னலொளி அட்டையில் பட்டுத் திரும்பி, இருண்ட பக்கத்திற்கும் வெளிச்சம் தரும். எழுதுபொருள் கடையில் ஓரிரு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் அட்டை, பெரிய கருவியின் வேலையைச் செய்துவிடுகிறது.

விளக்குகளை அணையுங்கள்

நம் மகள் முதல் நாள் எடுத்த படங்களில் ஒரு குறை இருந்தது. வெள்ளைச் சோறு ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் தெரிந்தது. கைப்பேசியில் கோளாறு என்றே அவள் முதலில் நினைத்தாள். உண்மையான காரணம், இரண்டு வேறு வண்ண ஒளிகள் கலந்ததுதான்.

ஒளியின் வண்ணத்தைக் கெல்வின் என்னும் அலகால் குறிப்பர். மெழுகுவத்தியின் ஒளி ஏறத்தாழ 1,900 கெல்வின். மஞ்சள் மின்விளக்கு ஏறத்தாழ 2,700 கெல்வின். நண்பகல் வெயில் ஏறத்தாழ 5,500 கெல்வின். நிழலில் பரவும் வானொளி 7,000 கெல்வினையும் தாண்டலாம். எண் குறைவாக இருந்தால் ஒளி செம்மஞ்சளாகவும், கூடினால் நீலமாகவும் தோன்றும். நம் கண்ணும் மூளையும் இவ்வேறுபாட்டைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. கைப்பேசியால் ஒரு நேரத்தில் ஒருவகை ஒளிக்கு ஏற்பத்தான் வண்ணத்தைச் சரிசெய்ய முடியும். எனவே, பகலொளியில் எடுக்கும்போது அருகிலுள்ள மின்விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

மின்விளக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் நாட்டின் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவது. இதனால் குழல் விளக்குகளும் சில மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது. ஆனால், படத்தில் கறுப்புப் பட்டைகளாக விழக்கூடும். படத்தில் இத்தகைய பட்டைகளைக் கண்டால் கைப்பேசியைக் குறை சொல்ல வேண்டா. விளக்கிலிருந்து விலகிச் சென்றாலே போதும்.

சுற்றியுள்ள பொருள்களையும் கவனியுங்கள். கடையின் முன் நீல நிறக் கித்தான் கட்டியிருந்தால், அதனூடே வரும் ஒளி உணவின்மேல் நீலம் பூசிவிடும். சிவப்பு நெகிழி மேசையில் வைத்த சோறு இளஞ்சிவப்பாகத் தெரியும். வெள்ளை, சாம்பல், மரநிறம் ஆகியவை உணவின் உண்மையான நிறத்தைக் கெடுக்காத பின்னணிகள். பழைய மரப்பலகை ஒன்றைக் கழுவித் துடைத்து மேசையில் போட்டாலே அழகிய பின்னணி கிடைத்துவிடும்.

உணவுக்கேற்ற கோணம்

எல்லா உணவையும் ஒரே கோணத்தில் எடுப்பது பலரும் செய்யும் தவறு. உணவின் வடிவமே கோணத்தை முடிவு செய்ய வேண்டும்.

வாழையிலைச் சோற்றின் அழகு அதன் பரப்பில் உள்ளது. நடுவே சோறு, மேல்பகுதியில் பொரியல், கூட்டு, ஊறுகாய், ஓரத்தில் அப்பளம், மோர் மிளகாய் என இலை முழுவதும் நிறைந்திருக்கும். இதை நேர் மேலிருந்து எடுத்தால்தான் எல்லாம் தெரியும். கைப்பேசி இலைக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்துவிட்டால் இலை ஒருபக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் தோன்றும்.

கிண்ணத்தில் உள்ள குழம்பு, தட்டில் உள்ள மீ கோரெங், பிரட்டல் ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 45 பாகைக் கோணம் பொருந்தும். மேசையில் அமர்ந்திருப்பவர் தம் தட்டைப் பார்க்கும் கோணமும் ஏறத்தாழ அதுவே. எனவே, அது இயல்பாகத் தோன்றும்.

உயரமான உணவுகளும் பானங்களும் வேறு. கூம்பாக நிற்கும் நெய்த்தோசை, குவளையில் நுரை ததும்பும் தே தாரிக், மலை போல் குவிந்த ஐஸ் கச்சாங் ஆகியவற்றைக் கிட்டத்தட்ட மேசை மட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் அவற்றின் உயரமே தெரியாமல் போய்விடும்.

கோணம் முடிவானதும் கை நடுங்காமல் இருக்க ஒரு தாங்கி தேவை. முக்காலி இல்லாவிட்டால் கவலையில்லை. அரிசி நிரப்பிய மைலோ டின் ஒன்றை மேசையில் வைத்து, அதில் கைப்பேசியைச் சாய்த்து நிறுத்தலாம். பொத்தானை அழுத்தும்போது ஏற்படும் அசைவைத் தவிர்க்க, மூன்று நொடி தாமதித்துப் படமெடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

கைப்பேசியில் கவனிக்க வேண்டியவை

முதலில் கைப்பேசியின் வில்லையைத் துடையுங்கள். அடுக்களையில் புழங்கும் கைப்பேசியில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். அதனால் படம் பனிமூட்டம் போல மங்கலாகிவிடும். மென்மையான பருத்தித் துணியால் துடைத்தாலே பாதிக் குறை நீங்கிவிடும்.

இரண்டாவதாக, தட்டுக்கு மிக அருகில் சென்று எடுக்காதீர்கள். கைப்பேசியின் முதன்மை வில்லை அகன்ற காட்சியைப் பிடிக்கக் கூடியது. அருகில் சென்றால் தட்டின் முன்விளிம்பு மிகப் பெரிதாகவும் பின்பகுதி சிறிதாகவும் தோன்றும். சற்றுப் பின்னால் நகர்ந்து எடுத்து, பிறகு தேவையான பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். இரண்டு மடங்கு நெருக்கிக் காட்டும் தனி வில்லை இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். விரல்களால் திரையை விரித்துப் பெரிதாக்குவதைத் தவிருங்கள். பல கைப்பேசிகளில் அது தெளிவைக் குறைத்துவிடும்.

மூன்றாவதாக, திரையில் உணவின் முக்கியமான பகுதியைத் தொடுங்கள். கைப்பேசி அந்த இடத்தைத் தெளிவாக்கும். வெள்ளைச் சோறும் வெள்ளைத் தட்டும் மிகுதியாக இருந்தால் படம் இருண்டு வரக்கூடும். வெளிச்சத்தைக் கூட்டும் குறியைச் சற்று மேலே நகர்த்திச் சரிசெய்யுங்கள். மாற்றொளி என்னும் ‘ஃபிளாஷ்’ விளக்கை முற்றாக அணைத்துவிடுங்கள். அது உணவில் கடும் ஒளியைப் பாய்ச்சி, எண்ணெயை மட்டுமே மினுக்கிக் காட்டும்.

தட்டை ஒழுங்குபடுத்துதல்

நம் உணவுகளைப் படமெடுப்பதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. சாம்பார், பிரட்டல், வறுவல், கறி என்று பலவும் பழுப்பு நிறத்தவை. நாவுக்கு வேறுவேறு சுவை தந்தாலும் படத்தில் அவை ஒன்றுபோலவே தோன்றும். இதற்குத் தீர்வும் நம் அடுக்களையிலேயே உள்ளது. வாழையிலையின் பச்சை, வெங்காயத்தின் ஊதா, எலுமிச்சையின் மஞ்சள், கறிவேப்பிலையின் கரும்பச்சை ஆகியவை பழுப்பை எடுத்துக்காட்டும். ஆனால், அந்த உணவோடு உண்மையில் பரிமாறப்படும் பொருள்களையே சேர்க்க வேண்டும்.

பிரட்டலில் இறைச்சித் துண்டுகள் மசாலாவுக்குள் மறைந்திருந்தால் ஓரிரு துண்டுகளைக் கரண்டியால் மேலே தூக்கி வைக்கலாம். சற்று நேரம் ஆறிய குழம்பின்மேல் ஆடை படர்ந்திருந்தால் ஒரு முறை கலக்கிவிடலாம். தட்டின் விளிம்பில் சிந்திய குழம்பை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். அதிக உணவைக் குவிக்க வேண்டியதில்லை. தட்டில் சிறிது வெற்றிடம் இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். தட்டைச் சுற்றிப் பல பொருள்களை அடுக்கினால் எது விற்பனைக்கு உரியது என்ற குழப்பம் எழும்.

மூன்று இறால்கள் எங்கே?

நம் கதைக்கு மீண்டும் வருவோம். மகள் இரண்டு மாலைப் பொழுதுகளில் பன்னிரண்டு உணவுகளைப் படமெடுத்தாள். படங்கள் அழகாக அமைந்தன. பட்டியலை அச்சிட்டு, நெகிழி உறையிட்டு எட்டு மேசைகளிலும் வைத்தார்கள். முதல் வாரத்திலேயே இறால் சம்பாலைப் பலர் கேட்டார்கள். தாய்க்கு மகிழ்ச்சி.

ஒரு நாள் வழக்கமாக வரும் லாரி ஓட்டுநர் ஒருவர் தட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடியே கேட்டார்: “அக்கா, படத்தில் ஆறு இறால். தட்டில் மூன்றுதான். மற்ற மூன்றும் எங்கே?”

தாய் படத்தைப் பார்த்தார். உண்மைதான். படம் நிறைவாகத் தெரிய வேண்டும் என்று மகள் இரண்டு பேருக்கு உரிய இறாலை ஒரே தட்டில் வைத்திருந்தாள். ஏமாற்றும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. இருந்தாலும் படம் ஒன்றைச் சொன்னது; தட்டு வேறொன்றைச் சொன்னது.

“பட்டியலை மாற்றிவிடலாம் அம்மா. நான் மீண்டும் எடுக்கிறேன்” என்றாள் மகள், தலைகுனிந்தபடி.

“மாற்றுவோம். அதுவரைக்கும் இதைக் கேட்பவர்களுக்கு ஆறு இறால் வைத்தே கொடுப்போம். படம் நாம் கொடுத்த வாக்கு” என்றார் தாய். புதிய பட்டியல் வரும்வரை ஒவ்வொரு தட்டிலும் ஆறு இறால் இருந்தன. அந்த வாரம் அவ்வுணவில் ஆதாயம் ஏதும் கிடைக்கவில்லை.

உணவுப் படத்தில் நேர்மை எவ்வளவு முக்கியம் என்பதற்கு உலக அளவிலும் ஒரு சான்று உண்டு. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் கேம்பல் நிறுவனம், தன் காய்கறிச் சூப்பை விளம்பரப் படமெடுத்தபோது கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டது. அடியில் தங்கும் காய்கறிகள் மேலே எழுந்து, சூப் கெட்டியாக இருப்பது போல் தோன்றியது. படத்தில் இருந்த காய்கறிகள் உண்மையானவைதாம். ஆயினும், பார்ப்பவர் மனத்தில் அது தவறான எண்ணத்தை ஏற்படுத்தியது. அந்நாட்டின் கூட்டரசு வணிக ஆணையம் இதில் தலையிட்டது. 1970ஆம் ஆண்டில், இத்தகைய விளம்பரத்தைக் கைவிட நிறுவனம் இணங்கியது.

நம் நாட்டிலும் சட்டங்கள் உள்ளன. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, பயனீட்டாளரைத் தவறான எண்ணத்திற்கு இட்டுச்செல்லும் செயல்களைத் தடைசெய்கிறது. வணிக விவரிப்புச் சட்டம் 2011, பொருளின் அளவு, தன்மை முதலியவற்றைப் பொய்யாக விவரிப்பதைக் குற்றமாகக் கருதுகிறது. உரிய சான்றிதழ் பெறாத கடை, பட்டியலின் ஓரத்தில் ஹலால் சின்னத்தை அழகுக்காகக்கூடப் போடக் கூடாது. அவ்வாறே, இணையத்தில் கிடைக்கும் பிறருடைய படத்தை எடுத்து நம் பட்டியலில் போடுவதும் தவறு. பதிப்புரிமைச் சட்டம் 1987 படங்களுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. அதுமட்டுமன்று, வேறு அடுக்களையில் சமைத்த உணவின் படம் நம் கடை உணவைப் பற்றி எதையும் சொல்லாது.

எனவே, எளிய விதி ஒன்றைக் கடைப்பிடிக்கலாம். கடையில் பயன்படுத்தும் அதே தட்டு, அதே கரண்டி, அதே அளவு. படமெடுக்கும் தட்டை அன்றாடம் பரிமாறுபவரே நிரப்ப வேண்டும். படத்தைத் திருத்தும்போது ஒளியைக் கூட்டலாம். வண்ணம் நேரில் உள்ளபடி அமையுமாறு சரிசெய்யலாம். இல்லாததைச் சேர்க்கக் கூடாது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஒரு நொடியில் உணவுப் படத்தை உருவாக்கித் தரும் இக்காலத்தில் இவ்விதி இன்னும் முக்கியமாகிறது. அச்செயலி வரையும் மீன் தலைக் கறியை யாரும் சமைக்கவில்லை; யாரும் உண்ணவும் முடியாது.

படத்திலிருந்து அச்சுக்கு

படம் திரையில் தெளிவாகத் தெரிந்தாலும் அச்சில் மங்கக்கூடும். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 படப்புள்ளிகள் இருப்பது நன்று. 10 செண்டிமீட்டர் அகலமுள்ள படத்திற்கு ஏறத்தாழ 1,200 படப்புள்ளிகள் போதும். 12 மெகாபிக்சல் கைப்பேசி எடுக்கும் படத்தின் அகலம் ஏறத்தாழ 4,000 படப்புள்ளிகள். எனவே, கைப்பேசிப் படம் உணவுப்பட்டியலுக்குத் தாராளமாகப் போதும்.

ஆனால், அப்படத்தைப் புலனத்தின் வழி அச்சகத்திற்கு அனுப்பும்போது கவனம் தேவை. வழக்கமான முறையில் அனுப்பினால் செயலி படத்தைச் சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் படம் முழு அளவில் போய்ச் சேரும். திரையில் பளிச்சென்று தெரியும் பச்சையும் செம்மஞ்சளும் அச்சு மையில் சற்று மங்கலாம். ஆகவே, மொத்தமாக அச்சிடுவதற்கு முன் ஒரே ஒரு படி அச்சிட்டு, அதைக் கடையின் விளக்கொளியில் வைத்துப் பார்ப்பது நல்லது. விலைகளும் எழுத்துப்பிழைகளும் சரியாக உள்ளனவா என்றும் அப்போதே சரிபார்த்துவிடலாம். படத்தின்கீழ்த் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் பெயரை எழுதி, காரம், கடலை, பால் முதலியவை சேர்ந்திருந்தால் குறிப்பிடலாம். ஒவ்வாமை உள்ளவர்க்கு அது பேருதவி.

முடிவுரை

நம் கதையில் வரும் மகள் செலவிட்டது மனிலா அட்டை, எலுமிச்சை, கொத்தமல்லி, சோதனை அச்சு ஆகியவற்றுக்கு மட்டுமே. வேட்டியும் மரப்பலகையும் மைலோ டின்னும் வீட்டில் இருந்தவை. பட்டியலை மறுபடியும் அச்சிட்டதே அவளுக்கு ஏற்பட்ட பெரிய செலவு. அது ஒளியைப் பற்றிய பாடத்திற்கான கட்டணமன்று; நேர்மையைப் பற்றிய பாடத்திற்கான கட்டணம்.

இரண்டாம் முறை அவள் மூன்று இறாலை மட்டும் வைத்தாள். தட்டைச் சற்றுச் சிறிதாக மாற்றலாமா என்று தாயிடம் கேட்டாள். இருவரும் சேர்ந்து, இனி அந்தச் சிறிய தட்டிலேயே பரிமாறுவது என்று முடிவு செய்தார்கள். படத்திலும் அதே தட்டு. மூன்று இறால்களும் நிறைவாகவே தெரிந்தன. அடுத்த முறை வந்த லாரி ஓட்டுநர் படத்தையும் தட்டையும் மாறிமாறிப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்துவிட்டு, மீன் தலைக் கறியின் படத்தைக் காட்டி, “ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரோடும் வருகிறேன் அக்கா, இதை எடுத்து வையுங்கள்” என்று சொல்லிச் சென்றார்.

சிந்தித்துப் பேசுக

1. பரவிய ஒளி உணவுப் படத்திற்கு ஏன் ஏற்றது? கட்டுரையிலிருந்து இரண்டு காரணங்களைக் கூறுக.
2. “படம் நாம் கொடுத்த வாக்கு” என்று தாய் கூறியதன் பொருள் யாது?
3. புதிய பட்டியல் வரும்வரை ஆறு இறால் வைத்துப் பரிமாறிய தாயின் முடிவு சரியா? உம் கருத்தைக் காரணங்களுடன் விளக்குக.
4. உங்கள் வீட்டில் சமைக்கும் ஓர் உணவைப் பகலொளியில் மூன்று கோணங்களில் படமெடுத்து வருக. எந்தக் கோணம் அவ்வுணவுக்குப் பொருந்துகிறது என்று குழுவில் கலந்துரையாடுக.